ஜோட் குடும்பம் போன வழியில் ஐந்து நாள்

நாள் 1: சாண்ட்லர் – கிங்மன் – ஓட்மன் – நீடில்ஸ்

காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தோம். நானும் மகளும் மட்டும். அரிசோனாப் பள்ளிகளில் அக்டோபரில் ஒரு விடுமுறை உண்டு. அதில்தான் இந்தப் பயணம். போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ பாடமாக இருந்தது. கடைசிப் பக்கத்தை முடித்த அன்று சாப்பிட வராமல் படுத்துவிட்டாள். அவருடைய இன்னொரு நாவலான ‘த கிரேப்ஸ் ஆஃப் ராத்’ எனக்கு இருபத்திரண்டு வயதில் இதையேதான் செய்தது. பாளையங்கோட்டையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஓக்லஹோமா எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அப்போது தெரியாது. ஆனால் வீட்டுச் சாமான்களை அள்ளி லாரியில் ஏற்றும் அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

நாவலில், 1930களில், ஓக்லஹோமாவின் ஜோட் குடும்பம் குத்தகை நிலத்தை இழக்கிறது. வங்கி டிராக்டரை அனுப்பிவிடுகிறது. ஒரு டிராக்டர் இருந்தால் பன்னிரண்டு பதினாலு குடும்பம் தேவையில்லை. 75 டாலருக்கு வாங்கிய ஹட்சன் காரின் பின்பக்கத்தை வெட்டி லாரியாக்கி, தாத்தா பாட்டி முதல் சிறு பிள்ளைகள் வரை பன்னிரண்டு பேரும், கூடவே பிரசங்கத்தை விட்டுவிட்ட கேசி என்ற மனிதரும் கலிஃபோர்னியாவுக்குப் புறப்படுகிறார்கள். நாங்கள் அரிசோனாவிலிருந்து கிளம்புவதால் பாதி வழியில்தான் அவர்களோடு சேர முடியும். கிங்மனில் பழைய 66ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, அவர்கள் போன தடத்திலேயே பேக்கர்ஸ்ஃபீல்ட் போய், ஸ்டைன்பெக் பிறந்த சாலினாஸில் முடிக்க வேண்டும். அதுதான் திட்டம்.

இந்த முறை பென்சிலும் கையுமாகப் படித்துக்கொண்டு வருகிறேன். காசு வரும் இடத்தில் எல்லாம் கோடு போடுகிறேன். முதல் நூறு பக்கத்திலேயே பென்சில் மழுங்கிவிட்டது. குதிரை, வண்டி, கலப்பை என்று ஒரு வாழ்நாளின் சொத்தை விற்றுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து சொல்லும் தொகை 18 டாலர். சோகத்தைப் பற்றி ஆசிரியர் ஒரு வரி எழுத வேண்டியதில்லை, அந்தப் பதினெட்டு போதும்.

கிங்மனில் சாலையோர உணவகம் ஒன்றில் காலைச் சாப்பாடு. முட்டை வருவதற்குள் மகளுக்குப் பதினைந்தாம் அத்தியாயத்தைச் சொன்னேன். 66ஆம் சாலையில் இப்படி ஒரு கடை. குடும்பத்தோடு மேற்கே போகும் ஒருவர் உள்ளே வந்து பத்து சென்டுக்கு ரொட்டி கேட்கிறார். ரொட்டி விலை பதினைந்து சென்ட். பரிமாறும் பெண் மே முதலில் முடியாது என்கிறாள். அடுப்படியிலிருந்து சமையல்காரர், கொடுத்துத் தொலை என்று சத்தம் போடுகிறார். காசு எடுக்கும்போது, அந்த மனிதரின் இரண்டு பையன்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மிட்டாயையே பார்த்தபடி நிற்கிறார்கள். அது ஒரு சென்ட் மிட்டாயா என்று அவர் கேட்கிறார். மே குனிந்து பார்த்துவிட்டு, இல்லை, சென்டுக்கு இரண்டு என்கிறாள். அவர்கள் போன பிறகு லாரி ஓட்டுநர் ஒருவர் சொல்கிறார், அது ஒன்று ஐந்து சென்ட் ஆயிற்றே என்று. அப்புறம் அந்த ஓட்டுநர்கள் ஆளுக்கு அரை டாலரை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மகள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. “அந்தப் பசங்களுக்குத் தெரியாதுல்லம்மா?” என்றாள். தெரியாது.

கிங்மனிலிருந்து ஓட்மன் வழியாகப் போகும் மலைப்பாதை பழைய 66ஆம் சாலையேதான். 1950களின் தொடக்கத்தில் வேறு வழி போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், பல வளைவுகளில் தடுப்புச்சுவர்கூட இல்லை. நல்ல பிரேக் உள்ள காரில் எனக்கே உள்ளங்கை வேர்த்தது. ஓட்மனில் கழுதைகள் நடுத்தெருவில் நின்று வழிமறித்தன. சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வம்சமாம்.

டோபாக்கில் கொலராடோ ஆற்றின் மேல் ஒரு வெள்ளை வளைவுப் பாலம் இருக்கிறது. 1916இல் கட்டியது. ஜான் ஃபோர்ட் 1940இல் எடுத்த படத்தில் ஜோட் குடும்பத்தின் லாரி அதன் மேல் போகும். இப்போது வண்டி போவதில்லை, எரிவாயுக் குழாய் போகிறது.

நீடில்ஸுக்கு முன்னால் கலிஃபோர்னியா வேளாண்மைச் சோதனைச் சாவடி. பழம், செடி ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் கையசைத்து அனுப்பிவிட்டார். இருபது விநாடிகூட ஆகவில்லை. 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறைத் தலைவர், மாநில எல்லையில் 16 இடங்களில் 136 போலீசாரை நிறுத்தி, கையில் காசில்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்பினார். லாஸ் ஏஞ்சலிஸ் ஊர்ப் போலீசுக்கு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி எல்லையில் என்ன வேலை? ஏழையை மாநிலத்துக்குள் அழைத்து வருவது குற்றம் என்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1941இல்தான் ரத்துசெய்தது. அதற்குள் நாவல் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

மாலையில் ஆற்றில் காலை நனைத்தோம். தண்ணீர் பச்சையாக, நல்ல குளிர்ச்சி. ஜோட் வீட்டு ஆண்கள் இங்கேதான் தண்ணீரில் உட்கார்ந்து குளிக்கிறார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பிப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர், ‘ஓக்கி’ என்ற சொல்லை இங்கேதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஓக்லஹோமாக்காரன் என்பதைக் குறித்த சொல் இப்போது வசவாகிவிட்டது என்கிறார். மூத்த மகன் நோவா இந்த ஆற்றங்கரையோடு நடந்து போய்விடுகிறான். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

நாள் 2: நீடில்ஸ் – டாகெட் – பார்ஸ்டோ – டெஹாச்சபி – பேக்கர்ஸ்ஃபீல்ட்

மொஹாவி பாலைவனத்தை இருட்டில் கடக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மூன்றரை மணிக்கு அறையைக் காலிசெய்தோம். மகள் பின்சீட்டில் போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். நீடில்ஸிலிருந்து பார்ஸ்டோ ஏறக்குறைய 145 மைல். சரக்கு லாரிகளின் சிவப்பு விளக்குகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

இந்த இருட்டில்தான் பாட்டி சாகிறாள்.

படித்தவர்களுக்கு மறக்காத இடம் இது. லாரியின் மேல் மெத்தையில் பாட்டி கிடக்கிறாள், பக்கத்தில் அம்மா. பாலைவனத்தைக் கடக்கும் வழியிலேயே உயிர் போய்விடுகிறது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை நிறுத்துவார்கள், நிறுத்தினால் பாலைவனத்தைக் கடக்க முடியாது. டாகெட்டில் சோதனைச் சாவடி. எல்லாச் சாமானையும் இறக்க வேண்டும் என்கிறார்கள் அதிகாரிகள். அம்மா கீழே இறங்கி, கிழவிக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் போக வேண்டும் என்று மன்றாடுகிறாள். ஒருவர் விளக்கடித்துப் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறார். போங்கள், பார்ஸ்டோவில் டாக்டர் இருக்கிறார் என்கிறார். பார்ஸ்டோ வருகிறது. மகன் நிறுத்தட்டுமா என்று கேட்டால், பாட்டி நன்றாகத்தான் இருக்கிறாள், போ என்கிறாள். விடியும்வரை அந்த உடலோடு படுத்தே வருகிறாள்.

டாகெட்டில் இன்று பெரிதாக ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் வண்டியை நிறுத்தினேன். இன்னும் விடியவில்லை. ஒரு நாய் குரைத்தது. என் அம்மா இறந்தபோது நான் அரிசோனாவில் இருந்தேன். அந்த இருபத்தாறு மணி நேரப் பயணம் முழுக்க, பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் உடைந்துபோவேன், ஊர் போய்ச் சேர முடியாது என்ற பயம்தான். ஜோட் அம்மாவின் அந்த இரவை ஒரு ஆண் எப்படி எழுதினார் என்று எனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை.

பார்ஸ்டோவில் காபி. மொஹாவி ஊர் தாண்டியதும் மலை மேலெல்லாம் காற்றாலைகள். டெஹாச்சபிக் கணவாய் ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரம். அதில் ஏறி இறங்கும்போதுதான் ஜோட் குடும்பம் முதன்முதலாகப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறது. திராட்சைத் தோட்டங்கள், பழத்தோட்டங்கள், வரிசை பிடித்த மரங்கள், வெள்ளை வீடுகள். அப்பா வாய்பிளந்து நிற்கிறார். அப்போதுதான் அம்மா லாரியிலிருந்து இறங்கிச் சொல்கிறாள், பாட்டி செத்துப்போனாள் என்று. எப்போது என்று கேட்கிறார்கள். நேற்று ராத்திரி, சாவடியில் நிறுத்துவதற்கு முன்னாடியே என்கிறாள். கேசி அவளைப் பார்த்துப் பயந்துபோகிறார்.

நாங்கள் இறங்கும்போது காலை ஒன்பதரை. பள்ளத்தாக்கின் மேல் புகையும் புழுதியும் கலந்து பழுப்பாக ஒரு படலம். கீழே வர வரத்தான் மரங்கள் தெரிந்தன. பாதாம், ஆரஞ்சு, கட்டம் போட்ட துணி மாதிரி. “இது அவங்க பார்த்த மாதிரியே இருக்குமா?” என்றாள் மகள். தோட்டங்கள் இன்னும் அதிகமாகியிருக்கும், வீடுகள் குறைந்திருக்கும் என்றேன்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் மதியம் முழுக்கத் தூங்கினோம்.

நாள் 3: ஆர்வின் – வீட்பாட்ச் – பேக்கர்ஸ்ஃபீல்ட்

இன்றைக்குத்தான் இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த இடம். பேக்கர்ஸ்ஃபீல்டுக்குத் தெற்கே, ஆர்வின் பக்கத்தில், அரசாங்க முகாம். ஊர்க்காரர்கள் வீட்பாட்ச் முகாம் என்பார்கள்.

கதையில் வரும் முகாம் கற்பனை இல்லை. 1930களின் நடுவில் மத்திய அரசு கட்டியது. அதை நடத்தியவர் டாம் காலின்ஸ். முகாமில் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பேசினார்கள், என்ன பாட்டுப் பாடினார்கள் என்று விடாமல் அறிக்கை எழுதியவர் அவர். 1936இல் ‘சான் பிரான்சிஸ்கோ நியூஸ்’ பத்திரிகைக்காகக் கட்டுரை எழுத வந்த ஸ்டைன்பெக்குக்கு அந்த அறிக்கைகளைக் கொடுத்தார். பழைய வண்டி ஒன்றில் கூட்டிக்கொண்டு போய் வாய்க்கால் ஓரக் குடிசைகளைக் காட்டினார். நாவலின் சமர்ப்பணத்தில் இரண்டு பேர். ஒருவர் மனைவி கேரல், தலைப்பைச் சொன்னவர். இன்னொருவர் டாம், அதை வாழ்ந்தவர் என்று போட்டிருக்கும்.

இன்றைக்கும் இங்கே பருவத் தொழிலாளர் குடும்பங்களுக்கான குடியிருப்பு இருக்கிறது. அதனால் கம்பிவேலிக்கு வெளியே நின்றே பார்த்தோம். யாருடைய வீட்டு வாசலையும் எட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பழைய முகாமில் மிச்சமிருப்பவை மூன்று மரக்கட்டடங்கள்: சமூகக் கூடம், தபால் நிலையம், நூலகம். மூன்றும் சின்னச் சின்னவை.

நாவலில் இந்த முகாமுக்கு வாடகை வாரம் ஒரு டாலர். கொடுக்க முடியாதவர்கள் முகாமுக்குள் ஏதாவது வேலை செய்து கழித்துக்கொள்ளலாம். வாரண்ட் இல்லாமல் போலீஸ் உள்ளே வர முடியாது. நிர்வாகத்தைக் குடியிருப்பவர்களே தேர்ந்தெடுத்த குழு பார்க்கிறது. சனிக்கிழமை நடனம். ஆனால் என் பென்சில் கோடு விழுந்த இடம் கழிப்பறை. சிறு பிள்ளைகள் ரூத்தியும் வின்ஃபீல்டும் வாழ்க்கையில் முதன்முறையாகத் தண்ணீர் பாயும் கழிப்பறையைப் பார்க்கிறார்கள். எதையோ இழுத்துவிட, தண்ணீர் இரைச்சலோடு பாய்கிறது. உடைத்துவிட்டோம் என்று பயந்து ஒருவர் மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். முகாம் மேலாளர் வந்து அம்மாவிடம் மரியாதையாகப் பேசி ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகிறார். மறுபடியும் மனுஷியானது மாதிரி இருக்கிறது என்கிறாள் அம்மா.

அப்படியும் அங்கே இருக்க முடியவில்லை. சுற்றுவட்டாரத்தில் வேலை இல்லை. பீச் பழம் பறிக்க ஒரு பண்ணைக்குப் போகிறார்கள், பெட்டிக்கு 5 சென்ட். அடிபட்ட பழம் இருந்தால் பெட்டி கணக்கில் வராது. இருபது பெட்டி பறித்தால் ஒரு டாலர். அந்த ஒரு டாலரை அம்மா பண்ணைக் கடையில் செலவழிக்கும் காட்சியை மகளிடம் வண்டியிலேயே வாசித்துக் காட்டினேன். கறி, உருளைக்கிழங்கு, ரொட்டி, காபித்தூள் என்று ஒவ்வொன்றாக வாங்க வாங்க டாலர் தீர்ந்துவிடுகிறது. சர்க்கரை பாக்கி, அதற்குப் பத்து சென்ட் வேண்டும். கடன் கிடையாது. கடையில் நிற்கும் சிறிய மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பையிலிருந்து பத்து சென்ட் எடுத்துக் கல்லாவில் போடுகிறார். கஷ்டம் என்று வந்தால் ஏழைகளிடம்தான் போக வேண்டும் என்று அம்மா அங்கே புரிந்துகொள்கிறாள். பெட்டிக்கு 5 சென்ட் கூலியும், வேலைநிறுத்தம் செய்தவர்களை உடைப்பதற்காகத்தான். அவர்களுக்குத் தருவதாகச் சொன்னது இரண்டரை சென்ட்.

மதியம் பேக்கர்ஸ்ஃபீல்ட் நூலகம். நாவல் வெளிவந்தது 1939 ஏப்ரல் 14. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று இந்தக் கெர்ன் மாவட்டத்தின் நிர்வாகக் குழு, நாலுக்கு ஒன்று என்று வாக்களித்து, மாவட்டத்தின் நூலகங்களிலும் பள்ளிகளிலும் இந்தப் புத்தகத்துக்குத் தடை போட்டது. ஊருக்குள் பிரதி ஒன்றை எரித்துப் படமும் எடுத்தார்கள். தீ வைத்தவர் ஒரு பண்ணைத் தொழிலாளி. அப்போது அவர் அதைப் படித்ததே இல்லை. மாவட்டத் தலைமை நூலகர் கிரெட்சன் க்னீஃப் தடையை எதிர்த்துக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். தன் வேலையே அந்தக் குழுவின் கையில் இருக்கும்போது எழுதினார். தடை 1941 தொடக்கத்தில்தான் நீங்கியது. நூலக அடுக்கில் ஏழெட்டுப் பிரதிகள் வரிசையாக இருந்தன. மகள் ஒன்றை எடுத்து விரித்தாள். அட்டை கிழிந்து ஒட்டுப்போட்டிருந்தது.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்ல வேண்டும், சனோரா பாப். ஓக்லஹோமாவில் பிறந்தவர். இந்த முகாம்களில் டாம் காலின்ஸோடு வேலை பார்த்தவர். அவர் எடுத்த குறிப்புகள் காலின்ஸ் வழியாக ஸ்டைன்பெக்குக்கும் போயின. அதே மனிதர்களைப் பற்றி அவரும் ஒரு நாவல் எழுதினார். 1939இல் ராண்டம் ஹவுஸ் அதை வெளியிடுவதாக இருந்தது. ஸ்டைன்பெக்கின் புத்தகம் அப்படி விற்றதும், சந்தையில் இன்னொன்றுக்கு இடமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ‘ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்னோன்’ என்ற அந்த நாவல் 2004இல் ஓக்லஹோமாப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளிவந்தது. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லும் நோட்டீசில், பெயர் தெரியாதவர்கள் என்று எழுதுவார்களாம், தலைப்பு அங்கிருந்து வந்தது. அறுபத்தைந்து வருடம். ஸ்டைன்பெக்கை நேசிக்கும் எனக்கு இதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பாப் எழுதியவர்கள் அவருடைய சொந்த ஜனங்கள், அது வாக்கியத்துக்கு வாக்கியம் தெரியும்.

நாள் 4: டெலானோ – லாஸ்ட் ஹில்ஸ் – சோலம் – சொலடாட்

டெலானோ நாவலுக்கு அடுத்த தலைமுறையின் ஊர். 1965 செப்டம்பர் 8 அன்று இங்கே திராட்சைத் தோட்டங்களில் வேலையை முதலில் நிறுத்தியவர்கள் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள். தலைவர் லாரி இட்லியாங். கேட்டது மணிக்கு 1.40 டாலர். எட்டு நாள் கழித்து சீசர் சாவேசும் டோலரஸ் ஹுவெர்ட்டாவும் நடத்திய மெக்சிக்கர்களின் சங்கமும் சேர்ந்துகொண்டது. தோட்டக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 1970 ஆயிற்று.

சங்கத்தின் பழைய இடமான ‘ஃபார்ட்டி ஏக்கர்ஸ்’ ஊருக்கு மேற்கே இருக்கிறது. அதில் அக்பயானி கிராமம் என்று ஒரு கட்டடம், வயதான பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களுக்காக 1974இல் திறந்தது. அவர்களில் பலருக்குக் குடும்பமே இல்லை. வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வெள்ளைப் பெண்களை மணக்க கலிஃபோர்னியாவில் 1948 வரை சட்டம் விடவில்லை. ஊர் ஊராகப் பழம் பறித்துக் கிழவர்களாகிவிட்டார்கள். ஓடு வேய்ந்த தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

வாஸ்கோ பக்கம் பருத்திக்காடு. இலை உதிர்ந்து, வெடித்த பருத்தி வெள்ளை வெளேர் என்று நின்றது. பெரிய எந்திரம் ஒன்று வரிசை வரிசையாக உறிஞ்சிக்கொண்டு போனது. இறங்கி ஓரத்தில் கிடந்த ஒரு காயை எடுத்து மகள் கையில் கொடுத்தேன். ஓட்டின் முனை அவள் விரலில் குத்தியது. என் ஆச்சி கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் பருத்தி எடுக்கப் போனவள். நகக்கண்ணெல்லாம் கீறலாக இருக்கும். அந்த முனை எப்படிக் குத்தும் என்று நான் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

நாவலில் பருத்தி எடுக்கும் அத்தியாயம் சின்னது. பை இல்லாதவர்கள் ஒரு டாலருக்குப் பை வாங்க வேண்டும். டாலர் இல்லையென்றால் முதலில் எடுக்கும் நூற்றைம்பது பவுண்டு பருத்தியில் பிடித்துக்கொள்வார்கள். ஆக, வேலைக்கு வந்தவன் முதல் நாளே கடன்காரன். தராசில் கள்ளம் என்று இவர்கள் சண்டைபோட, பையில் கல் என்று அவர்கள் சண்டைபோட, சில சமயம் இரண்டுமே உண்மை என்று எழுதுகிறார் ஸ்டைன்பெக். ஆச்சியும் இதையேதான் சொல்வாள். சாயங்காலம் நிறுவை போடும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் நிறுப்பவனின் பெருவிரலைப் பார்க்க வேண்டும் என்பாள்.

லாஸ்ட் ஹில்ஸ் தாண்டி 46ஆம் சாலையில் சோலம். ஜேம்ஸ் டீன் 1955 செப்டம்பர் 30 அன்று இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் விபத்தில் இறந்தார். ஸ்டைன்பெக்கின் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ படத்தில் நடித்தவர், கார் பந்தயத்துக்காகப் போய்க்கொண்டிருந்த ஊர் சாலினாஸ். மகளுக்கு இதில் ஆர்வம் இல்லை. சரி, கிளம்பினோம்.

சொலடாட் வந்து சேரும்போது மணி ஐந்து. ஸ்பானிய மொழியில் தனிமை என்று பொருள். 1791இல் நிறுவிய கிறித்தவ மிஷனின் பெயரிலிருந்து வந்தது. ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ இந்த ஊருக்குச் சில மைல் தெற்கே, சாலினாஸ் ஆற்றங்கரையில் தொடங்கி அங்கேயே முடிகிறது. நாவலில் ஆழமாகப் பச்சையாக ஓடும் ஆறு, நாங்கள் பார்த்த இடத்தில் மணலுக்கு நடுவில் மெலிந்து கிடந்தது. ஆனால் வில்லோ மரங்கள் அப்படியே. கிழக்கே கேபிலன் மலை மாலை வெயிலில் பொன்னாக இருந்தது.

மணலில் உட்கார்ந்ததும் மகள் தன் பள்ளிப் பிரதியை எடுத்தாள். கனவு, நட்பு, தனிமை என்று மூன்று நிறத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள். ஜார்ஜும் லென்னியும் பண்ணை பண்ணையாகக் கூலிக்குப் போகிறவர்கள். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், ஒரு பசு, லென்னிக்கு முயல்கள். வகுப்பில் இதை நடக்க முடியாத கனவு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார் என்றேன்.

பென்சிலை வாங்கிக்கொண்டாள். ஜார்ஜுக்குத் தெரிந்த அந்த நிலத்தின் விலை 600 டாலர். கிழவர் கேண்டி பண்ணை வேலையில் கையை இழந்தவர். அந்தக் கைக்கு அவருக்குக் கொடுத்தது 250 டாலர். வங்கியில் 50. மாதக் கடைசியில் வரும் சம்பளம் 50. ஆக 350. ஜார்ஜும் லென்னியும் ஒரு மாதம் செலவே செய்யாமல் இருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து 100. மொத்தம் 450.

“இன்னும் நூத்தம்பதுதான்மா” என்றாள். “மூணு பேரும் இன்னொரு மாசம் வேலை பார்த்தா முடிஞ்சிருக்கும்.”

ஆமாம். ஜார்ஜே அந்த இடத்தில் அதை நம்ப ஆரம்பிக்கிறான். அதுவரை லென்னியைத் தூங்கவைக்கச் சொன்ன கதை, ஒரு கிழவனின் போன கையின் விலையைச் சேர்த்ததும் நிஜமாகிறது. இந்த நாவலைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கூட்டல்தான் அதன் இதயம். தொகை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் கடைசி அத்தியாயம் அப்படி அறைகிறது.

இருட்டும்வரை அங்கேயே இருந்தோம்.

நாள் 5: சாலினாஸ்

சென்ட்ரல் அவென்யூ 132ஆம் எண் வீடு. ஸ்டைன்பெக் 1902 பிப்ரவரி 27 அன்று இங்கே பிறந்தார். அப்பா பின்னாளில் மாவட்டக் கருவூல அதிகாரி, அம்மா ஆசிரியையாக இருந்தவர். கோபுரம் வைத்த அழகான மர வீடு. ஊர்ப் பெண்கள் சங்கம் ஒன்று அதை வாங்கி 1974 முதல் மதிய உணவகமாக நடத்துகிறது, பரிமாறுபவர்கள் தன்னார்வலர்கள். இவ்வளவு வசதியான வீட்டுப் பையன் எங்கே கூலிக்காரர்களைப் பார்த்தான் என்றால், ஊருக்குத் தெற்கே ஸ்ப்ரெக்கல்ஸ் சர்க்கரை ஆலையிலும் அதன் பண்ணைகளிலும் அவனும் வேலை பார்த்தான்.

மெயின் தெருவின் கோடியில் தேசிய ஸ்டைன்பெக் மையம். 1960இல் அவர் நாட்டைச் சுற்றி வந்த பச்சை நிற லாரி ‘ரோசினான்டே’ அங்கே நிற்கிறது. உள்ளே கட்டில், மேசை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஹட்சன்ல பன்னெண்டு பேர்” என்றாள்.

கல்லறை ‘கார்டன் ஆஃப் மெமரீஸ்’ தோட்டத்தில். அம்மா வழி ஹாமில்டன் குடும்பத்தின் இடத்தில், புல்லோடு புல்லாகப் பதித்த ஒரு சின்னத் தகடு. நோபல் பரிசு வாங்கியவர் என்று எதுவும் எழுதியிருக்காது. வாசலில் வாங்கிய சாமந்தியை வைத்தோம்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது சாலையோரம் லெட்டூஸ் வயல். முன்பு இங்கே களை வெட்டியது குட்டைப் பிடி களைக்கொத்தில். நம் ஊர்க் களைக்கொத்து மாதிரிதான், நாள் முழுக்க இடுப்பை வளைத்தபடி. நிமிர்ந்து நின்றால் வேலை செய்யவில்லை என்று கங்காணிக்குத் தெரிந்துவிடும், அதற்காகவே அதைக் கொடுத்தார்கள் என்பார்கள். முதுகெலும்பு போன தொழிலாளர்கள் வழக்குப் போட்டு, 1975இல் கலிஃபோர்னியாவில் அதற்குத் தடை வந்தது. லெட்டூஸ் அறுப்பதற்கு இன்றும் குனியத்தான் வேண்டும். முப்பது பேர் இருக்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி, முகத்தைச் சுற்றித் துணி. குனிந்து ஒரு வெட்டு, வெளி இலையைத் தட்டிவிட்டு, எந்திரத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த அடி. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வரப்போரம் ஒரு இழுவண்டி. அதன் மேல் இரண்டு நடமாடும் கழிப்பறைகள், பக்கத்தில் கைகழுவத் தண்ணீர்த் தொட்டி, சோப்பு. மகள் கண்ணாடியை இறக்கி அதையே பார்த்தாள். “ரூத்தி, வின்ஃபீல்ட்” என்றாள் மெதுவாக.

ஒரு பெண் அதிலிருந்து இறங்கினார். கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு, குழாயைத் திறந்து, முழங்கைவரை நுரை வரத் தேய்த்து, அவசரமில்லாமல் கழுவினார். முகத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். எங்களைப் பார்த்ததும் ஈரக் கையை ஒரு தரம் உயர்த்தினார். மகளும் உயர்த்தினாள். அவர் வயலுக்குள் நடந்து போய், வரிசையில் தன் இடத்தில் குனிந்தார்.